இடது சீட்டில் யார்?

மூன்று வாரமாக விடாமல் பின்தொடர்ந்த ஆள், பட்டப்பகலில், என் கண் முன்னாலேயே பறந்து போய்விட்டான். பறந்து என்றால் நிஜமாகவே பறந்து. ஹெலிகாப்டரில். வேலிக்கு வெளியே காரில் உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுகொண்டு, நான்தான் அதை வேடிக்கை பார்த்தேன். துப்பறியும் தொழிலில் இதைவிடக் கேவலம் எதுவும் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது மணி மூன்று முப்பத்தைந்து. ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியின் ஆபீஸ் அறையில் நின்றுகொண்டிருக்கிறோம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. எந்த மாணவர் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்ற பட்டியல். நம் ஆளுக்கு முப்பத்தொன்பது. ஜன்னலுக்கு வெளியே வட்டம் போட்ட தளம். வட்டத்துக்குள் இருக்க வேண்டியதைக் காணோம்.

நாற்காலி நுனியில், அவன் தூக்கிக்கொண்டு போன குழந்தையின் அம்மா. பல்செட் செய்யும் லேபிலிருந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை மாவு காய்ந்து கிடந்தது. போன வாரம்தான் தீர்ப்பு வந்தது: ஆறு வயது மகள் அம்மாவிடமே இருக்க வேண்டும், வியாழக்கிழமை மதியம் மட்டும் அப்பாவோடு. அப்பாவுக்குப் பக்கத்து நாட்டில் வேலையும் வீடும் தயார். குழந்தை எல்லை தாண்டிவிட்டால் வேறு சட்டம், வேறு கோர்ட்டு. வழக்கு முடிவதற்குள் குழந்தைக்கே கல்யாண வயது வந்துவிடும். இன்று வியாழக்கிழமை.

என் முதலாளியம்மாவை எல்லோரும் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து, எது விபத்து, எது சுத்தியல் என்று சொன்னவர். எனக்கு அவர் மேடம். அவர் பின்னாலேயே திரிவதால் எனக்குப் பெயர் வாலு. இன்று அந்த வால் அறுந்து தொங்கியது.

"ரெண்டு பத்துக்கு எழும்பியிருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். "வடக்கே போனதை ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. எல்லை அந்தப் பக்கம்தான். எல்லா விமானத் தளத்துக்கும் சொல்லியாச்சு. ரோட்டுல நின்ன ஆளுங்களையும் வடக்கே அனுப்பிட்டேன்."

"ரேடியோ?" என்றார் மேடம்.

"ஒன்றரை மணி நேரமா கூப்பிடறேன்." மூலையில் மைக்கைப் பிடித்தபடி இருந்த பயிற்சியாளர் தலை நிமிரவில்லை. எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். "பதில் இல்ல. ஃபுல் டேங்க் போட்டிருக்கார். நாலு நாற்பது வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தாங்காது."

அம்மாவின் போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் அவள் முகம் உடைந்தது.

"அண்ணி... இல்ல அண்ணி, இன்னும் கிடைக்கல. வடக்கேதான் தேடறாங்க. ஆமா, எல்லா ஏர்போர்ட்டுலயும்... சரி. சரி அண்ணி. சொல்றேன்." வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "என் நாத்தனார். அவரோட அக்கா. அந்த வீட்டுல எனக்காகப் பேசற ஒரே மனுஷி. மதியத்துல இருந்து நாலாவது தடவை கூப்பிடறாங்க. அவங்களுக்கும் கையும் ஓடல, காலும் ஓடல."

மேடம் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அந்த வட்டத்து ஓரத்துல கிடக்கிற ரெண்டு மூட்டை என்ன?"

"மணல் மூட்டை," என்றார் கேப்டன்.

"மெஷினை ஓட்டத் தெரியாதவன் மேல எறியறதுக்கா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை. பழக்க தோஷத்தில் வாய் மட்டும் வேலை செய்தது.

கேப்டன் எழுந்து வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. "இது சின்ன மெஷின், ரெண்டே சீட்டு. மாணவர் வலது பக்கம், நான் இடது பக்கம். தனியா பறக்கற கட்டம் வந்ததும் நான் இறங்கிடுவேன். இடது சீட்டு காலியானா மெஷின் வலது பக்கமா சாயும். இவர் வேற நல்ல கனம், தொண்ணூத்தஞ்சு கிலோ. புதுசா தனியா போறவங்க அந்தச் சாய்வைப் பார்த்து மிரண்டு, கண்டபடி ஸ்டிக்கை இழுத்துடுவாங்க. அதனால எங்க பள்ளியில ஒரு வழக்கம். என் சீட்டுல ரெண்டு மணல் மூட்டையை வெச்சு பெல்ட்டைப் போட்டு அனுப்புவோம்."

"எவ்வளவு கனம்?"

"ரெண்டும் சேர்த்து இருபத்து நாலு கிலோ."

"குழந்தை?"

"இருபத்திரண்டு," என்றாள் அம்மா உடனே. "போன மாசம்தான் டாக்டர் எடை பார்த்தார்."

இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "அதான் சொல்றேனே. மூட்டையைத் தூக்கிக் கீழ வெச்சுட்டு, குழந்தையை அந்த இடத்துல வெச்சிருக்கான். மெக்கானிக்கே பார்த்திருக்கான்."

கதவோரம் நின்ற மெக்கானிக் கைகளைப் பிசைந்தான். "தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தார் சார். நீலப் போர்வை. ஷூ போட்ட கால் ரெண்டும் தொங்கிச்சு. தூங்கறா, ஒரு ரவுண்டு காட்டிட்டு வரேன், கேப்டன் சரின்னுட்டார்னு சொன்னார். கேப்டன் வகுப்புல இருந்தார். நான் நம்பிட்டேன்."

"முகத்தைப் பார்த்தியா?"

"போர்வை மூடியிருந்துச்சு."

"இங்க கேமரா இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

இருந்தது. ஷெட் வாசலுக்கு மேலே ஒன்று. கேப்டன் கம்ப்யூட்டரைத் திருப்பினார். இன்று, இரண்டு மணி பத்து நிமிடம். கண்ணாடியில் வெயில் அடித்து உள்ளே யார் என்று தெரியவில்லை. இறக்கை சுற்றுகிறது. புல் படுக்கிறது. மெஷின் கிளம்புகிறது. இன்ஸ்பெக்டர் இதை மூன்று தடவை பார்த்துவிட்டாராம்.

"நீங்க கண்ணாடியைப் பார்த்தீங்க," என்றார் மேடம். "காலைப் பார்ப்போம்."

ஹெலிகாப்டருக்குச் சக்கரம் கிடையாது. அடியில் நீளமாக இரண்டு குழாய்கள், அவைதான் கால். மேடம் நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னார். இடது கால் தரையை விட்டு எழும்பியது. வலது கால் எழும்பவில்லை. மெஷின் நொண்டுகிற மாதிரி வலது பக்கம் சரிந்து, அந்த ஒரே காலில் தரையைத் தேய்த்துக்கொண்டு, கவிழ்ந்துவிடுமோ என்று நினைக்கும்போது ஒரு வழியாக மேலே போனது.

கேப்டனின் வாய் திறந்தது. மூடவில்லை.

"போன வாரம் இவர் தனியா போனது இருக்கா? மூட்டையோட?"

கேப்டன் தேடி எடுத்தார். அதே தளம், அதே ஆள். இரண்டு காலும் ஏறக்குறைய ஒன்றாகத் தரையை விட்டன. தட்டு நிறைய டம்ளர் வைத்துத் தூக்குகிறவன் மாதிரி நிதானமாக எழும்பினான்.

"காத்தா இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

கேப்டன் திரையில் விரலை வைத்தார். கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப் பை துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "காத்தே இல்ல சார். இடது சீட்டுல கனமே இல்ல. இருபத்திரண்டு கிலோ இருந்திருந்தா இப்படிச் சாயாது."

"அப்ப அந்தப் போர்வைக்குள்ள?" என்றாள் அம்மா.

"போர்வைதான்," என்றார் மேடம். "இன்னொரு போர்வை, தலையணை, அவளோட ஷூ. இவ்வளவு கச்சிதமா நாடகம் போட்டவர், மூட்டை இல்லாம மெஷின் எப்படி எழும்பும்னு யோசிக்கல."

"யோசிச்சிருக்க மாட்டார்," என்றார் கேப்டன் மெதுவாக. "அவருக்குத் தெரியவே தெரியாது. மூட்டை இல்லாம அவரை ஒரு தடவைகூடத் தனியா விட்டதில்ல. மெஷின்னா இப்படித்தான் நேரா எழும்பும்னு நெனச்சிருப்பார்." சொல்லிவிட்டு மறுபடி மைக்கிடம் ஓடினார். அந்தச் சாய்வோடு அந்த ஆளால் மெஷினை இறக்க முடியுமா என்று நான் கேட்க நினைத்தேன். கேட்காததே நல்லது என்று பட்டது.

அம்மா எழுந்து நின்றாள். "அவ மேல இல்ல. இங்கதான் எங்கயோ இருக்கா. அப்ப ஏன் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

"நாம பார்க்கணும்னுதான் அவர் பறக்கறார்," என்றார் மேடம். "வாலு, அவர் கார் எங்க?"

கார் ஷெட்டுக்குப் பின்னால் நின்றது. மெக்கானிக் ஒரு கம்பியை விட்டுக் கதவைத் திறந்தான். போலீஸ் பக்கத்தில் நின்றதால் அது திருட்டுக் கணக்கில் வராது. மேடம் பின் சீட்டைப் பார்த்தார். சீட்டு முழுக்க பிஸ்கட் தூள், பென்சில் சீவல், உலர்ந்த திராட்சை ஒன்று. நடுவில் மட்டும் சதுரமாகத் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

"குட்டியோட சீட்டு இங்கதான் இருக்கும்," என்றாள் அம்மா. "உயரமா, பெல்ட் வெச்சது. அது இல்லாம அவளைக் காரில ஏத்தக் கூடாதுன்னு கோர்ட்டே எழுதியிருக்கு."

"ஹெலிகாப்டர்ல அது பொருந்துமா?"

கேட்டுக்கொண்டே வந்த மெக்கானிக் தலையாட்டினான். "சத்தியமா பொருந்தாது மேடம்."

"அப்ப ரோட்டுல போற ஒரு வண்டிக்கு மாறியிருக்கு," என்றார் மேடம். என் பக்கம் திரும்பினார். "வீட்டு வாசல்ல இருந்து நீதானே பின்னால வந்தே? நடுவுல எங்கயும் நின்னாங்களா?"

மதியத்திலிருந்து தொண்டையில் சிக்கியிருந்த முள் இதுதான். பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அம்மாவின் கையிலிருந்த அந்த வெள்ளை மாவைப் பார்த்தேன்.

"பதினோரு நிமிஷம் விட்டுட்டேன் மேடம். பெரிய கடையோட பார்க்கிங்குக்குள்ள போனார். வாசல்ல டோக்கன் மெஷின் என் டோக்கனைத் துப்பவே இல்ல. தடுப்புக் கட்டை எழும்பல. பின்னால பத்து வண்டி ஹாரன். உள்ள போறதுக்குள்ள அவர் அந்தப் பக்கம் வெளிய வந்துட்டார். சிக்னல்ல பிடிச்சுட்டேன். பின் கண்ணாடி வழியாப் பார்த்தேன், குழந்தை போர்வை போர்த்திப் படுத்திருந்தா. அதனால ஒண்ணும் ஆகலன்னு நெனச்சு... சொல்லல."

"படுத்திருந்தாளா?"

"ஆமா."

"பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார வைக்கற சீட்டுல இருக்கிற குழந்தை, எப்படிடா படுக்கும்?"

அங்கே படுத்திருந்தது வெறும் போர்வை. மூன்று வாரமாக அந்த சீட்டை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அது இன்னும் வலித்தது.

ஆபீசுக்குத் திரும்பினோம். மணி நாலு ஐந்து. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சரி மேடம், ஒத்துக்கறேன். ஆனா இந்த ஊர்ல இருந்து எட்டு ரோடு போகுது. ரயில் இருக்கு, துறைமுகம் இருக்கு. என் ஆளுங்க பாதிப் பேர் வடக்கே. யாரைத் தேடறது, எந்த வண்டியைத் தேடறது?"

"குழந்தை அழாம யார்கூடப் போகும்?" மேடம் அம்மாவிடம் கேட்டார்.

"என்கூட. அவர்கூட. வேற யார்..." நிறுத்தினாள். "இல்ல. அண்ணியாலதான் நான் இன்னும் உயிரோட இருக்கேன். அவங்க இல்ல."

"நாலு தடவை கூப்பிட்டாங்களே, என்ன கேட்டாங்க?"

"எங்க தேடறாங்கன்னு..." அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கவலையில கேட்டாங்க மேடம். பிரசவத்துல எனக்கு ரத்தம் நிக்காதப்ப, ராத்திரி பகல் பார்க்காம கூட இருந்தது அவங்கதான். குட்டியை முதல்ல கையில வாங்கினதும் அவங்கதான்."

"இருக்கலாம். என் சந்தேகம் தப்பாவும் இருக்கலாம். தெரிஞ்சுக்க ஒரே வழிதான் தோணுது. ரொம்பக் கேவலமான வழி." மேடம் அவள் முன்னால் உட்கார்ந்தார். "அவங்களைக் கூப்பிட்டு, ஹெலிகாப்டர் விழுந்துடுச்சுன்னு சொல்லணும்."

கேப்டன் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார்.

"அவர்கூடப் பிறந்த அக்காகிட்ட சொல்ற பொய்யா இது?" என்றாள் அம்மா.

"இல்ல. சொல்லக் கூடாத பொய்தான்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு எண்ணை அழுத்தி, போனை மேஜையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"சொல்லும்மா." அலுப்பும் அன்பும் கலந்த குரல். "ஏதாவது தெரிஞ்சுதா?"

"அண்ணி. ஹெலிகாப்டர் விழுந்துடுச்சு."

நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவள் குரல் நடுங்கியது. அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது, வார்த்தை இல்லை.

"ஐயோ, என் தம்பி. எங்க விழுந்துச்சு? உயிரோட இருக்கானா? யாரு பார்த்தது?"

"வயல்ல. இப்பதான் சொன்னாங்க."

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க? பேச்சு இருக்கா அவனுக்கு? சொல்லும்மா, கண்ணு திறந்தானா? அவன் இருக்கானா இல்லையா, அதை மட்டும் சொல்லு எனக்கு."

அம்மா போனைப் பார்த்தபடி காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். அந்தக் கேள்வி வந்துவிட வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். மேடத்தின் கணக்கு தப்பாகட்டும், அந்த ஒரு மனுஷியாவது இவளுக்கு மிஞ்சட்டும். மறுமுனை தம்பி, தம்பி என்று புலம்பிக்கொண்டே இருந்தது. வேறு பேர் வரவில்லை.

"அண்ணி," என்றாள் அம்மா கடைசியில். "குட்டியும் அதுலதானே போனா. அவளைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே."

புலம்பல் நின்றது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அவனை நான் தூக்கி வளர்த்தேன்மா," என்றது அந்தக் குரல், மிகவும் சின்னதாக. "பொண்ணு இல்லாம செத்துடுவேன்னு என் கால்ல விழுந்தான். நான் என்ன செய்யட்டும்? அவன் இருக்கானா? சொல்லு."

"என் பொண்ணு எங்க இருக்கா? அதைச் சொல்லுங்க. நான் உங்க தம்பியைப் பத்திச் சொல்றேன்."

"நீ இப்படிப் பேசற ஆள் இல்லையேம்மா."

"நான் இப்ப யாரா வேணா இருப்பேன். எங்க?"

பெருமூச்சு ஒன்று வந்தது. "துறைமுகத்துல. எல்லை தாண்டிப் போற நாலரை ஃபெர்ரி கப்பல். வண்டி ஏத்தற வரிசையில நிக்கறேன், எனக்கு முன்னால நாலு வண்டி. வெள்ளை வேன். பின்னால உட்கார்ந்து படம் வரையறா."

நாலு இருபத்தொன்று. இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸோடு வாசலுக்குப் பாய்ந்தார். துறைமுகத்துக்குக் குழந்தையின் விவரத்தையே யாரும் கொடுத்திருக்கவில்லை. எல்லாமே வானத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள். "கப்பல்ல ஏறற பாலத்தைத் தூக்குங்க, ஒரு வண்டியும் ஏறக் கூடாது," என்று அவர் கத்தியது உள்ளே வரை கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லிட்டேன்ல," என்றது போன். "வண்டியைச் சுத்திப் போலீஸ் வந்துடுச்சு. என்னை என்ன வேணா பண்ணுங்க. என் தம்பி?"

அம்மா கேப்டனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மைக்கில் அதே அழைப்பை, அதே வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். பதிலுக்கு இரைச்சல் மட்டும் வந்தது.

"விழுந்ததுன்னு சொன்னது பொய் அண்ணி," என்றாள். "ஆனா இருக்காரான்னு எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியல. கூப்பிட்டா பேச மாட்டேங்கறார். பெட்ரோல் இன்னும் பதினேழு நிமிஷத்துக்குத்தான் இருக்காம். மெஷின் ஒரு பக்கமா சாய்ஞ்சு போகுது. அதை அவருக்கு இறக்கத் தெரியுமான்னு இவங்களுக்கே நிச்சயமில்ல."

அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம். கதவு திறந்தது. யாரோ ஆண் குரல் அதட்டியது. பிறகு சரசரவென்று ஏதோ உரசி, மூச்சு மிக அருகில் கேட்டது.

"அம்மாவா?"

அம்மா மேஜை மேல் அப்படியே கவிழ்ந்து போனோடு முகத்தை வைத்துக்கொண்டாள். "ஆமாடா கண்ணு. அம்மாதான்."

"அத்தை தரையில உட்கார்ந்து அழறாங்கம்மா. நான் ஒண்ணும் பண்ணல."

"நீ ஒண்ணும் பண்ணலடா. அம்மா இதோ கிளம்பிட்டேன்." கண்ணைத் துடைக்காமலே போனோடு எழுந்தாள். வாசல் வரை போனவள் நின்றாள். "குட்டி, நான் வர்ற வரைக்கும் ஒரு வேலை செய்வியா? அத்தை பக்கத்துல போய் உட்காரு. அவங்க கையைப் பிடிச்சுக்கோ. விட்டுடாத."

நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினேன்.